பழைய பாலே படத்தின் காலத்தைப் பாவாடையைக் கொண்டு கணிப்பது எப்படி

பழைய பாலே படம் ஒன்று கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை உடுத்திய ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள்; படத்தின் அடியில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அவள் யார் என்று தெரியாமலேயே அவள் எந்தக் காலத்தவள் என்பதைப் பத்து இருபது ஆண்டு வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். அதற்கு அவளுடைய பாவாடையைப் படிக்கத் தெரிந்தால் போதும். இன்று உலகமெங்கும் ‘டுட்டு’ என்று அழைக்கப்படும் அந்த வலைத்துணிப் பாவாடை, யாரோ ஒருவர் ஒரே நாளில் வரைந்து கொடுத்து வந்ததன்று. 1720களில் கணுக்கால் வெளியே தெரியத் தொடங்கியதிலிருந்து 1890களில் முழங்கால் தெரிந்தது வரை, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளில், துணி மாறியது, மேடை விளக்கு மாறியது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்கள் செய்த வேலை மாறியது. இந்த மூன்றின் தடமும் பாவாடையில் பதிந்திருக்கிறது. அந்தத் தடங்களை எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே ஏமாறக் கூடும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

படத்துக்கு ஒரு வயது, உடைக்கு ஒரு வயது

படம் எப்போது உருவானது என்பதையும், அதில் காணும் உடை எந்தக் காலத்தது என்பதையும் தனித்தனியே பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை. இவ்விரண்டும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. எட்கார் தெகா 1870களில் தீட்டிய ஓர் ஓவியத்தில் வெள்ளை அங்கி அணிந்த கன்னியாஸ்திரீகள் மங்கிய ஒளியில் ஆடுகிறார்கள். அது 1831இல் முதன்முதலாக மேடையேறிய ‘ரோபேர் லெ தியாப்ல்’ என்ற ஒபேராவின், அதாவது இசை நாடகத்தின், காட்சி. ஓவியத்தின் ஆண்டை வைத்து அந்த உடையின் காலத்தைக் குறித்தால் நாற்பது ஆண்டு பிசகிவிடும்.

படம் எந்த முறையில் உருவானது என்பது இதற்குக் கைகொடுக்கும். கல்லச்சு முறை 1796இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. நடனமணிகளின் கல்லச்சுப் படங்கள் 1830களிலும் 40களிலும்தான் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. புகைப்படம் 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டிய சிறிய புகைப்படங்களுக்கு திஸ்தேரி என்பவர் பாரிஸில் காப்புரிமை பெற்றது 1854இல். அதன் பிறகே நர்த்தகிகளின் புகைப்படங்கள் பெருவாரியாகக் கிடைக்கின்றன. ஆகவே, கையிலிருப்பது புகைப்படம் என்றால், அதில் காணும் உடை எவ்வளவு பழமையாகத் தோன்றினாலும், அதை உடுத்தி நின்றவள் 1839க்கு முன்பு அப்படி நின்றிருக்க வழியே இல்லை. கேட்பதற்கு மிக எளிய உண்மையாகத் தோன்றும் இதை மறந்து தவறியவர்கள் பலர்.

பார்வையைக் காலிலிருந்து தொடங்குங்கள்

பாவாடையின் அகலமும் வெண்மையும் கண்ணை முதலில் இழுக்கும். ஆனால் அவற்றிலிருந்து தொடங்கக் கூடாது. பாதத்தைப் பாருங்கள், பிறகு பாவாடையின் கரை அந்தப் பாதத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாலே பாவாடையின் வரலாறு முழுவதிலும், கால் புதிதாக ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டபோதெல்லாம், அதைப் பார்ப்போருக்குக் காட்டுவதற்காகக் கரை மேலேறியிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மனத்தில் இருத்த வேண்டிய ஒரே விதி இதுதான். மற்றவை இதற்கு உரைகள்.

கரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் பதினேழாம் நூற்றாண்டிலோ பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நிற்கிறீர்கள். பதினான்காம் லூயி மன்னர் தாமே ஆடிய காலத்தில் பாலே என்பது அரசவைக் கலை. உடையும் அரசவை உடையே. பாரிஸ் ஒபேரா என்ற அரங்க நிறுவனத்தின் மேடையில் தொழில்முறைப் பெண் நர்த்தகிகள் முதன்முதலாகத் தோன்றியது 1681இல்தான். அதற்கு முன் அங்கே பெண் வேடங்களையும் ஆண்களே முகமூடி அணிந்து ஆடினார்கள். பெண்கள் வந்த பிறகும் கனத்த பட்டும், பின்னல் வேலைப்பாடும், இடுப்பின் இருபுறமும் பாவாடையை அகட்டி நிறுத்தும் ‘பன்னியே’ என்ற சட்டகமும் அவர்களோடு மேடையேறின. கூடை என்பது அந்தச் சொல்லின் பொருள். இடுப்பில் இரண்டு கூடைகளைக் கட்டிக்கொண்டு ஆடுவதை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு சுமையோடு நிதானமான நடையும் திரும்பலும் கையசைவும் மட்டுமே சாத்தியம். கால் செய்யும் வேலை பார்வைக்கு வராது, வர வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை.

இந்தக் காலத்துப் படங்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. தொடையின் நடுவளவில் விறைப்பாக விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடை ஒன்றைக் கண்டால் அது டுட்டுவின் முன்னோடி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஓர் ஆணின் உடை. ‘டொனலே’ என்று பெயர் கொண்ட அந்த விறைத்த குறும்பாவாடையை வீரர்களாகவும் தேவர்களாகவும் வேடமிட்ட ஆண்கள் அணிந்தார்கள். பெண்களுடைய கால் தரைவரை மூடியிருந்த காலத்தில் ஆண்களுடைய கால் தெரிந்தது. குதிப்பும் சுழற்சியும் அப்போது ஆண்களின் சொத்தாக இருந்ததற்கு இது காரணமா, விளைவா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கணுக்கால் தெரிந்தால்

1726இல் பாரிஸ் ஒபேராவில் அறிமுகமான மாரீ கமார்கோ, ஆண்கள் மட்டுமே செய்துவந்த விரைவான குதிப்புகளைத் தாமும் செய்தார். குதித்து மேலே இருக்கும்போதே இரு பாதங்களையும் ஒன்றோடொன்று குறுக்காக மாற்றி மாற்றித் தட்டும் ‘ஆந்த்ரஷா’ என்ற அசைவில் அவர் பெயர் பெற்றவர். பாதம் மறைந்திருந்தால் அந்த அசைவு இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஆகவே பாவாடையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே ஏற்றினார். விரல்கணக்கில் அளக்கக்கூடிய அந்தச் சிறு ஏற்றம் அன்றைக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

இதைக் கண்ணால் பார்க்க நிக்கோலா லான்க்ரே 1730ஐ ஒட்டித் தீட்டிய கமார்கோவின் ஓவியங்கள் உதவும்; அவற்றில் ஒன்று லண்டனின் வாலஸ் தொகுப்பிலும், மற்றொன்று வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. மரங்கள் சூழ்ந்த தோட்டத்தில், வாத்தியக்காரர்கள் ஓரமாக இருக்க, அவர் நடுவில் ஆடுகிறார். முதல் பார்வைக்கு அது அரசவைச் சீமாட்டியின் உடையாகவே தெரியும். பாவாடை சட்டகத்தின் மேல் அகன்று நிற்கிறது, அலங்காரமும் குறையவில்லை. பிறகு ஓவியத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். காலணியும் கணுக்காலும் நிழலில் மறையாமல் தெளிவாக வெளியே இருக்கின்றன. இடுப்புக்கு மேலே பழைய உலகம், கரைக்குக் கீழே புதிய உலகம். அகன்ற சட்டகமும் தெரியும் கணுக்காலும் ஒரே உருவத்தில் சேர்ந்து வந்தால், அது 1720களுக்கும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடைப்பட்டது என்று துணிந்து குறிக்கலாம். குதிகால் உயர்ந்த காலணியை முதலில் உதறியவரும் கமார்கோவே என்று பொதுவாகச் சொல்வதுண்டு. காலம் கணிப்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

அதே தலைமுறையைச் சேர்ந்த மாரீ சாலே வேறொரு வழியில் போனார். 1734இல் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ‘பிக்மாலியன்’ ஆடியபோது, சட்டகத்தைக் களைந்துவிட்டு, கிரேக்கச் சிலைபோல் உடலோடு படிந்து விழும் மஸ்லின் துணியை அணிந்து, தலைமுடியையும் அலங்காரமின்றி விட்டு அவர் தோன்றினார். கமார்கோ பாவாடையைச் சுருக்கினார். சாலே அதன் எடையைக் குறைத்தார். பிற்காலத்து டுட்டுவுக்கு இவ்விருவரும் தேவைப்பட்டார்கள் என்பேன். ஆனால் சாலேவின் துணிச்சல் உடனே வழக்கமாகிவிடவில்லை. ஒரு தலைமுறை கழித்து, 1760இல் வெளியான தம் கடிதங்களில் ஷான் ஜார்ஜ் நோவேர் என்ற நடன ஆசிரியர் முகமூடியையும் பன்னியேவையும் டொனலேவையும் கைவிடுமாறு வாதாட வேண்டியிருந்தது என்றால், அவை அதுவரை மேடையை விட்டு அகலவில்லை என்றே பொருள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1790களில், தெருவிலேயே பெண்கள் உடை மாறியது. மார்புக்கு நேர்கீழே கட்டிய இடுப்பு, நேராக விழும் மெல்லிய வெள்ளை மஸ்லின், குதிகாலில்லாத தட்டைக் காலணி, அதைக் கணுக்காலில் சுற்றிக் கட்டும் நாடா. படத்தில் இடுப்புக்கோடு மார்பை ஒட்டி உயர்ந்திருந்தால், 1790களிலிருந்து 1820ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகலாம். இந்த அடையாளம் அநேகமாகப் பிழைப்பதில்லை.

நடுக்கெண்டைவரை வெள்ளை மணி: 1832

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். நாம் இன்று பாலே என்றதும் மனத்தில் எழும் உருவம் பிறந்த இடம் இது.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஒபேராவின் லெ பெலெதியே அரங்கில் ‘லா சில்ஃபீட்’ மேடையேறியது. நடன அமைப்பு ஃபிலிப்போ தாலியோனி. தலைமை வேடம் அவருடைய மகள் மாரீ தாலியோனி. மேடைக் காட்சிகள் பியேர் சிசெரி. உடைகள் யூஜேன் லாமியின் பெயரில் வழங்குகின்றன. ஸ்காட்லாந்தில் திருமணத்துக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞனை, காற்றில் வாழும் ஒரு தேவகன்னி மயக்கி அழைத்துப் போகிறாள். ஊர்மக்கள் எல்லாரும் வண்ணக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்து உடையில் இருக்க, அவள் மட்டும் வெள்ளையில் வருகிறாள். அந்த வெண்மை, இவள் மானிடப் பிறவியல்லள் என்பதற்கான குறி. இரண்டாம் அங்கத்தில் மேடை முழுவதும் அவளைப் போன்ற வெள்ளை உருவங்கள் நிறைகின்றன.

அந்த உடையைத் துண்டு துண்டாகப் பாருங்கள். அடையாளம் காண ஒவ்வொன்றும் உதவும். கழுத்தும் தோளும் திறந்திருக்க, உடலோடு இறுகப் பொருந்திய மேற்கச்சு. இயல்பான இடத்துக்கு இறங்கிவந்த இடுப்பு. அங்கிருந்து மணியின் வடிவில் விரியும், பல அடுக்கு மெல்லிய வெள்ளைத் துணி. கரை கெண்டைக்காலின் நடுவில் நிற்கிறது. முதுகில் சிறிய இறகுகள், தலையில் மலர் வளையம், கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்து. பாதத்தில் நாடா கட்டிய சாட்டின் காலணி. அந்தக் காலணியில் இன்றைய நுனிக்கால் காலணிபோல் கெட்டியான முனைக்கட்டு கிடையாது. நுனியில் நூலால் இழைபோட்டுத் தைத்து உறுதிப்படுத்தியிருப்பார்கள், மற்றதெல்லாம் காலின் பலம்.

கரை ஏன் நடுக்கெண்டையில் நின்றது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் காலத்தைப் பிறகு ஒருபோதும் மறக்க மாட்டீர்கள். மாரீ தாலியோனிக்கு முன்பும் நுனிக்காலில் நின்று காட்டியவர்கள் உண்டு. அவர்கள் செய்தது வித்தை. அவரோ அந்த நிலையை, தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஓர் உயிரின் இயல்பாக ஆக்கினார். அதற்குப் பாதமும் கணுக்காலும் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் எழும்புவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் முழங்கால் மடிகிறதே, அது தெரியக் கூடாது. தெரிந்தால் உழைப்பு தெரிந்துவிடும். நடுக்கெண்டைவரை இறங்கும் மெல்லிய மணி, பாதத்தைக் காட்டி முழங்காலை மறைக்கிறது. மேலும், உடல் கீழே இறங்கும்போது துணி ஒரு கணம் தாமதித்து இறங்குகிறது. அந்த ஒரு கணமே பார்ப்பவருக்கு மிதப்பாகத் தெரிகிறது. இதே உடையை அணிந்த ஒருவர் மெதுவாகக் குதித்து இறங்குவதைக் கவனித்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

விளக்கையும் மறக்கக் கூடாது. பாரிஸ் ஒபேராவில் 1822இல் காஸ் விளக்கு வந்தது. மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் போலல்லாமல் அதை வேண்டியபடி ஏற்றி இறக்க முடிந்தது; நிலவொளிபோன்ற மங்கலை மேடையில் உண்டாக்க முடிந்தது. 1831 நவம்பரில் ‘ரோபேர் லெ தியாப்ல்’ ஒபேராவில் சிசெரி அமைத்த பாழடைந்த மடத்தில், கல்லறைகளிலிருந்து எழுந்துவந்த வெள்ளை உருவங்களுக்குத் தலைவியாக ஆடியவரும் தாலியோனியே. அந்த ஒளிக்கு வெள்ளை வலைத்துணியைவிடப் பொருத்தமான துணி இருந்திருக்காது. இந்த வெற்றிகளுக்குப் பிறகு மேடையில் எங்கு பார்த்தாலும் வெள்ளை மஸ்லினும் டியூல் என்ற வலைத்துணியும்தான் என்று விமர்சகர் தியோஃபில் கோத்தியே குறைபட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பரவியது. அதே கோத்தியே கதை எழுதுவதில் பங்கு கொண்டு 1841 ஜூனில் அரங்கேறிய ‘ஜிசெல்’ பாலேயின் இரண்டாம் அங்கமும் அந்த வெள்ளையில்தான் நிற்கிறது.

எல்லாமே வெள்ளையாக இருந்தது என்று இதற்குப் பொருளல்ல. தாலியோனியின் போட்டியாளரான ஃபான்னி எல்ஸ்லர் 1836இல் ‘கச்சூச்சா’ என்ற நடனத்தை ஆடியபோது அணிந்தது கறுப்பு லேஸ் வைத்த இளஞ்சிவப்பு உடை. எனவே நிறத்தைக் கொண்டு காலம் சொல்லாதீர்கள். கரையின் உயரமும் இடுப்பின் இடமும் இரண்டு உடைகளிலும் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

துணியைப் படிப்பது

டியூல் என்ற பெயர் பிரான்ஸிலுள்ள டியூல் நகரிலிருந்து வந்தது. கையால் முடையப்பட்டவரை அத்தகைய வலை அரிய பொருளாகவே இருந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1808-09இல் வலைத்துணி நெய்யும் பொறிக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, அறுகோணக் கண்கள் கொண்ட சீரான வலையைக் கெஜக்கணக்கில் வாங்க முடிந்தது. ஒரு மேடை முழுவதையும் அடுக்கடுக்கான வலையால் நிறைப்பது அதற்கு முன் எண்ணிப் பார்க்க முடியாத செலவு.

படத்தில் துணியை அடையாளம் காண, கரையின் கோட்டை உருப்பெருக்கியால் பாருங்கள். மஸ்லினும் சல்லாத் துணியும் மென்மையாக மடிந்து, கரை அலைபோல் வளைந்து விழும். டார்லட்டன் என்பது கஞ்சிபோட்டு விறைக்க வைத்த, இழை விலகிய பருத்தித் துணி; அதன் கரை நேராகவும் கூர்மையாகவும் நிற்கும், அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் தனித்தனியே விலகித் தெரியும். வியர்வையும் ஈரமும் பட்டால் கஞ்சி இளகித் துவண்டுவிடும் என்பதால், ஒரே நர்த்தகியின் இரண்டு புகைப்படங்களில் ஒரே பாவாடை வெவ்வேறு அகலத்தில் தெரிந்தால் வியப்படைய வேண்டாம். பொதுவாகச் சொன்னால், பாவாடை குட்டையாகக் குட்டையாகத் துணியின் விறைப்பு கூடியது. நீண்ட துணி தன் எடையில் தானே அழகாக விழும், குட்டைத் துணிக்குத் தாங்கி நிற்கும் பலம் வேண்டும்.

தீயின் தடம்

மெல்லிய துணியும் திறந்த சுடரும் ஒரே மேடையில் இருந்தன என்பதை நினைவில் கொள்ளாமல் இந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கவே கூடாது என்று நான் கருதுகிறேன். 1844 டிசம்பரில் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை விளக்கில் பற்றியது. மூன்று நாளில் அவர் இறந்தார். 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உடைமாற்றும் அறையில் தொடங்கிய தீ, ஒருவர் உடையிலிருந்து ஒருவர் உடைக்குத் தாவிப் பல நர்த்தகிகளின் உயிரைக் குடித்தது.

தீப்பிடிக்காமல் துணியைப் பதப்படுத்தும் முறை பிரான்ஸில் இருந்தது. கார்த்தெரோன் என்பவரின் முறைப்படி மேடைத் துணிகளைப் பதப்படுத்த வேண்டும் என்று 1859இல் அரசாணையும் வந்தது. அந்தக் கரைசலில் தோய்த்தால் துணி விறைத்தது, வெண்மை மங்கியது. நர்த்தகிகள் பலர் அதை ஏற்கவில்லை. மறுத்தவர்களில் எம்மா லிவ்ரி ஒருவர். தாலியோனி தாமே பயிற்றுவித்து, 1860இல் ‘லெ பப்பியோன்’ என்ற பாலேயை அவருக்காகவே அமைத்துக் கொடுத்திருந்தார். 1862 நவம்பர் 15 அன்று ஓர் ஒத்திகையின்போது லிவ்ரியின் பாவாடை காஸ் சுடரில் பற்றிக்கொண்டது. எட்டு மாத வேதனைக்குப் பின் 1863 ஜூலையில், இருபது வயதில், அவர் மறைந்தார். எரிந்து எஞ்சிய அவருடைய உடையின் துணுக்குகள் பாரிஸ் ஒபேராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 1850களிலும் 60களிலும் எடுத்த புகைப்படங்களில் பனிபோல் வெளுத்து நிற்கும் பாவாடைகளைக் காணும்போது, அந்த வெண்மைக்கும் மென்மைக்கும் கொடுத்த விலை இது என்பதை அறிந்து பாருங்கள்.

முழங்காலுக்கு ஏறும் கரை

1870களிலும் 80களிலும் கரை கெண்டையை விட்டு முழங்காலை நெருங்குகிறது. இதை மிக நெருங்கிப் பார்க்கக் கூடிய பொருள், தெகா 1881இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நர்த்தகி’ என்ற மெழுகுச் சிலை. அதில் மேற்கச்சும் பாவாடையும் காலணியும் உண்மையான துணிகள். தலைமுடியும் உண்மையான முடி, நாடாவால் கட்டியது. மெழுகுச் சிலை இப்போது வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வேறு அருங்காட்சியகங்களில் நீங்கள் காண்பவை தெகா 1917இல் மறைந்த பிறகு வார்க்கப்பட்ட வெண்கலப் படிகள். அவற்றின் பாவாடைகள் பின்னாளில் தைத்து அணிவித்தவை, காலப்போக்கில் மாற்றவும் பட்டவை. நீளமும் அடுக்கும் இடத்துக்கு இடம் வேறுபடும். வெண்கலப் படியின் பாவாடையை அளந்து 1881இன் அளவு இதுதான் என்று எழுதுவது தவறு.

அதே 1881ஐ ஒட்டித்தான் ‘டுட்டு’ என்ற சொல்லும் பிரெஞ்சில் எழுத்தில் பதிவாகிறது. பிருட்டத்தைக் குறிக்கும் குழந்தைமொழிச் சொல் ஒன்று திரிந்து வந்தது என்பதே பிரெஞ்சு அகராதிகள் தரும் விளக்கம். ஆகவே கமார்கோவும் தாலியோனியும் தம் வாழ்நாளின் மேடையில் டுட்டு என்ற பெயரில் எதையும் அணிந்ததில்லை.

இதற்குப் பிறகு கரையை ஏற்றியவர்கள் இத்தாலிய நர்த்தகிகள். கெட்டியான முனையுள்ள காலணியும் கடுமையான பயிற்சியும் அவர்களுக்கு நுனிக்காலில் பலமுறை சுழலும் வலிமையைத் தந்தன. 1885இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜீனியா ஸுக்கி, அங்கே வழக்கத்திலிருந்த நீளத்தை ஏற்காமல் குட்டைப் பாவாடையில் ஆடினார். 1890இல் ‘உறங்கும் அழகி’ பாலேயின் நாயகி அரோராவாக முதலில் ஆடியவர் கார்லோட்டா பிரியான்ஸா, 1895இல் ‘அன்ன ஏரி’யில் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு ஃபுவெத்தே சுழற்சிகளைச் செய்தவர் பியெரினா லென்யானி. சுழலும் காலின் முழங்கால் மடிந்து நீள்வதே அந்த அசைவின் உயிர். 1832இல் மறைக்க வேண்டியிருந்த முழங்கால் இப்போது காட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் இவர்களுடைய புகைப்படங்களில் பாவாடை முழங்காலை ஒட்டித் தழைந்து விழுவதைக் காண்பீர்கள். இடுப்பிலிருந்து தட்டுபோல் கிடைமட்டமாக நிற்கும் வடிவம் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. அது கண்ணில் பட்டால் நம் காலவரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

ஏமாறும் இடங்கள்

பழைய நீளத்துக்குத் திரும்பிய படைப்புகள் பெரிய பொறி. மிகயில் ஃபோக்கின் அமைத்து 1909இல் பாரிஸில் மேடையேறிய ‘லே சில்ஃபீட்’ பாலேயில் பெண்கள் எல்லாரும் 1832இன் நீண்ட வெள்ளை மணியையே அணிந்தார்கள். பெயரும் ‘லா சில்ஃபீட்’ என்பதோடு குழப்பிக்கொள்ளும்படி இருக்கிறது. இங்கேதான் படத்தின் வயதை முதலில் கேட்கும் பழக்கம் காப்பாற்றும். காலணியின் முனையையும் பாருங்கள்: கெட்டியான, தட்டையான முனை இருந்தால் அது தாலியோனியின் காலமாக இருக்க இயலாது.

கல்லச்சு ஓவியர்கள் பாதத்தை இலைநுனிபோல் சிறுத்து வரைவார்கள். உடலின் எடை எதுவும் இல்லாததுபோல் பூவின்மேல் நிற்க வைப்பார்கள். அவர்கள் வரைந்த நிலையை நம்ப வேண்டாம். உடையின் வெட்டை நம்பலாம். தெருவின் நாகரிகமும் எப்போதும் உடைக்குள் கசிந்துவிடும். கிரேக்க தேவதையாக வேடமிட்டாலும் நடு வகிடெடுத்துக் காதை மூடிச் சீவிய தலை 1830 முதல் 50 வரையான ஆண்டுகளைச் சொல்லிவிடும். பாவாடை வழக்கத்தைவிட அதிகமாக விரிந்திருந்தால், பெண்கள் வளையச் சட்டகம் அணிந்த 1850களின் பிற்பகுதியை எண்ணிப் பார்க்கலாம்.

படத்துக்கு அடியில் குறிப்பு எழுதும்போது, 1880களுக்கு முந்திய உடையை ‘பாலே பாவாடை’ என்றே எழுதுங்கள். ‘டுட்டு’ என்று எழுதியே ஆக வேண்டுமானால் பிற்காலப் பெயர் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஆண்டைக் குறிக்கும்போது படத்தின் ஆண்டையும் உடையின் ஆண்டையும் இரண்டு தனிக் குறிப்புகளாக வைப்பது நல்லது.

பழகிப் பார்க்க, நான்கு பெண்கள் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற கல்லச்சுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபிரட் எட்வர்ட் ஷலோன் வரைந்தது. ஆண்டைப் பார்க்காமல் கையால் மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். கல்லச்சு என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. காலணி மென்மையானது, நாடா கட்டியது. கெட்டி முனை இல்லை, ஆகவே அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதி இல்லை. கரை கெண்டையில் நிற்கிறது, 1832க்குப் பிறகு. இடுப்பு இயல்பான இடத்தில் இருக்கிறது, தலை நடுவகிடு எடுத்துப் படியச் சீவியது. துணி தன் எடையிலேயே விழுகிறது, வளையச் சட்டகத்தின் காலத்து அகலம் இன்னும் வரவில்லை. 1840கள் என்று எழுதிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். 1845 ஜூலையில் லண்டனில் ஆடிய ‘பா த காத்ர்’ என்ற நால்வர் நடனம் அது: நடுவில் நாற்பத்தொரு வயதுத் தாலியோனி, அவரைச் சுற்றி அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்களான கார்லோட்டா கிரிசி, ஃபான்னி செர்ரிட்டோ, லூசீல் கிரான் ஆகிய மூவரும், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் அணிந்து வந்த அதே நீளப் பாவாடையில்.